எடை பார்த்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

அந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் எண்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். மகளின் ரத்த வகையைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பேன். இவற்றைக் கேட்டால் யோசிக்க மாட்டேன். முதல் கார்டு 256 எம்பி மெமரி, 128 பிட். இரண்டாவது கார்டு 512 எம்பி மெமரி, 64 பிட். மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம், 2008இல், ஒரு மாதம் முழுக்க நான் இந்த எண்களோடுதான் குடும்பம் நடத்தினேன். கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

அப்போது நாங்கள் தேனியில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருடம். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் போடும் வேலையில் இருந்தேன். கோடு போடுவது நான், கையெழுத்துப் போடுவது அவர். வீடு கட்டுகிறவர்கள் அவருக்குத்தான் கிரகப்பிரவேசப் பத்திரிகை வைப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் வெளியே சொல்ல மாட்டேன். நான் எதையுமே வெளியே சொல்கிற ரகம் இல்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ரகம்.

கணவர் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் தரம் பார்க்கிறவராக இருந்தார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். சட்டையைத் துவைத்துப் போட்டாலும் ஏலக்காய் வாசனை போகாது. சொந்த ஊர் கடமலைக்குண்டு. அங்கே அவருடைய பங்காளிகள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் கட்டுவதென்று பேசி முடித்திருந்தார்கள். எல்லாக் கதையும் அதில்தான் ஆரம்பித்தது.

மண்டபக் கமிட்டியில் ஏழு பேர். எல்லோரும் தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள். பேப்பரில் போட்ட பிளானைக் காட்டினால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், ஒன்றும் விளங்காது. ஏற்கெனவே இப்படித் தலையாட்டி ஒரு சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டிவிட்டு, பந்தி பரிமாறுகிறவர்கள் உள்ளே திரும்ப முடியாமல் முட்டிக்கொண்டதை அவர்கள் மறக்கவில்லை. 'இந்தத் தடவை கண்ணால பாக்காம ஒரு கல்லு வைக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டார்களாம். கணவர் சாப்பிடும்போது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, "நான் காட்டுறேன்னு சொல்லுங்க" என்றேன்.

"எதைக் காட்டுவ?"

"மண்டபத்தை. கம்ப்யூட்டர்ல. அவுக எங்கன நடக்கச் சொல்றாகளோ அங்கன நடந்து காட்டுறேன். இடது பக்கம் திரும்புன்னா திரும்புவேன், அடுப்படிக்குப் போன்னா போவேன்."

அவர் அதை அப்படியே ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச்சொல்லி அவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆண்டிபட்டியிலிருந்து வேறொரு இன்ஜினியரும் அன்றைக்கே வருவதாக இருந்தது. மண்டபத்து வேலை எனக்குக் கிடைத்தால் அலுவலகத்தை விட்டுவிட்டு, லைசென்ஸ் வாங்கி, என் பெயரில் ஒரு போர்டு மாட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் கையெழுத்து இல்லாத கோடுகளைப் போட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். இரண்டில் ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்பிவிட்டேன். அதில் கஷ்டம் இல்லை. சுவர், மேடை, மணமகள் அறை, அடுப்படி, பந்திக் கூடம், கமிட்டி கேட்ட நாற்பத்தெட்டுத் தூண்கள். தூண் வெறும் தூணாக இருக்கக் கூடாது, பூ வேலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போட்டேன். பிறகு உள்ளே நடக்கப் பார்த்தால் படம் நகரவில்லை. வாசலிலிருந்து மேடையைப் பார்க்கத் திரும்பச் சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்தால் பாதி திரும்பியிருக்கும். மதர்போர்டோடு சேர்ந்து வந்த கிராபிக்ஸுக்கு அவ்வளவுதான் சக்தி. தனியாக ஒரு கார்டு வாங்கிப் பொருத்தியே ஆகவேண்டும்.

மதுரைக் கடை ஒன்றின் பட்டியலில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற கார்டுகள் இரண்டு இருந்தன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

பிரவுசிங் சென்டரில் போய் இரண்டின் விவரத்தையும் அச்செடுத்து வந்து, ஒரு தாளில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று எழுதினேன். கணக்கு பெரிய கணக்கில்லை. மெமரிக்குப் போகிற பாதை எத்தனை பிட் அகலமோ அதை எட்டால் வகுத்து, நொடிக்கு எத்தனை தடவை தகவல் அனுப்புகிறதோ அதால் பெருக்க வேண்டும். முதல் கார்டுக்கு 128ஐ எட்டால் வகுத்தால் பதினாறு; நொடிக்கு 1400 மில்லியன் தடவை; ஆக 22.4 ஜிபி. இரண்டாவதற்கு 64ஐ எட்டால் வகுத்தால் எட்டு, 800 மில்லியன் தடவை, 6.4 ஜிபி. மூன்றரை மடங்கு வித்தியாசம். திரையில் புள்ளிகளை நிரப்புகிற வேகமும் அப்படித்தான்: முதல் கார்டு 540 மெகாஹெர்ட்ஸில் ஒரே சமயத்தில் எட்டுப் புள்ளி போடும், மற்றது 450இல் நான்குதான் போடும். பெருக்கிப் பார்த்தால் 4320க்கு 1800.

இரண்டாவது கார்டு ஜெயித்தது ஒரே ஓர் எண்ணில்தான்: மெமரி இரட்டிப்பு. அட்டைப்பெட்டியின் முகப்பில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது லோயர் கேம்ப் பக்கம். அணையில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மதகு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வயலுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். 512 எம்பி என்பது தேங்கி நிற்கிற தண்ணீர். 64 பிட் என்பது குறுகிய மதகு. எனக்கு வேண்டியது முதல் கார்டுதான். இது முதல் நாளே தெரிந்துவிட்டது.

பிறகு எதற்கு ஒரு மாதம் என்று கேட்டால், அதுதான் என் பிறவிக் குணம். விடை தெரிந்த கணக்கைத்தான் நான் அதிகம் போட்டுப் பார்ப்பேன். இதெல்லாம் ஏட்டளவு வேகம்தானே, நிஜத்தில் பாதிகூட வராவிட்டால்? ஓர் இணையதளத்தில் 540 என்று போட்டிருப்பதை இன்னொன்றில் வேறு மாதிரிப் போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது? அதைவிடப் பெரிய பயம், அதே பெயரில், அதே பெட்டியில், மெதுவான பழைய வகை மெமரி போட்ட கார்டும் விற்பனையில் இருக்கிறதாம். கேட்டு வாங்காவிட்டால் அதைத் தலையில் கட்டிவிடுவார்களாம். கார்டைச் செருகியதும் என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகைந்துவிட்டால்? சாயங்காலம் கரண்ட் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதே தாளை எடுத்துவைத்து அதே வகுத்தலைத் திரும்பப் போடுவேன். 22.4 என்றே வரும். வேறு எப்படி வரும்?

கணவர் மாதத்தில் இரண்டு தடவை முதலாளியின் சாம்பிள் பைகளை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவார். எனக்குச் சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு, ஞாயிறு கடை கிடையாது. எனவே அவர்தான் வாங்கி வர வேண்டும். முதல் தடவை அவர் கிளம்பும்போது, "இன்னும் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அடுத்த தடவை என்பது கூட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. அன்று காலை ஒரு துண்டுச் சீட்டில் முதல் கார்டின் பெயரையும் நம்பரையும் எழுதி, மெமரி வகையை இரண்டு தரம் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏன் இந்தக் கார்டு, ஏன் மற்றது வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கணக்குப் போட்டவள் ஒரு நிமிடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேனா, அல்லது சொல்லப்போய் அவர் ஏதாவது கேட்டுவிட்டால் என் கணக்கு ஆடிப்போய்விடும் என்று பயந்தேனா, இன்றும் எனக்கே தெளிவில்லை.

அன்று அலுவலகத்தில் ஒரு கோடும் நேராக விழவில்லை. வீட்டுக்கு வந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பையிலிருந்து பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

முகப்பில் கொட்டை எழுத்து: 512 எம்பி.

"ரெண்டையும் கேட்டு வாங்கிப் பாத்தேன்" என்றார். "கடைக்காரப் பையன் உள்ள இருக்குறதை எடுத்துக் காமிக்க மாட்டேன்னான். நான் விடல. பெட்டியப் பிரிச்சு, இந்தக் கையில ஒண்ணு அந்தக் கையில ஒண்ணு வச்சுப் பாத்தேன். நீ எழுதுனது வெறும் பிளாஸ்டிக் காத்தாடி. தக்கை. இது பாரு, என்னா கனம். மெமரியும் ரெண்டு மடங்காம்ல. ஒன்னை எவனோ ஏமாத்தி எழுத வச்சிருக்கான்னு இதையே எடுத்தாந்துட்டேன்."

இது புரிய வேண்டுமானால் ஏலக்காய்க்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஏலக்காயை அவர்கள் பருமனைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஒரு லிட்டர் படியில் தலைதட்டி அளந்து, அதைத் தராசில் வைப்பார்கள். லிட்டர் வெயிட் என்று அதற்குப் பெயர். காய் எவ்வளவு பச்சையாக, பெரிதாக மினுக்கினாலும் லிட்டர் வெயிட் குறைந்தால் உள்ளே ஏலரிசி இல்லை என்று அர்த்தம். கணவருக்குப் படியும் தராசும்கூட வேண்டாம். கையில் ஒரு பிடி அள்ளிக் குலுக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். போடியில் அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. அந்தக் கையைத்தான் அவர் எனக்காக மதுரைக் கடையில் நீட்டியிருக்கிறார்.

ஆனால் அந்தக் கார்டில் கனமாக இருந்தது சூட்டைத் தணிக்க மேலே வைத்திருந்த அலுமினியக் கட்டி. மெதுவான சின்ன சிப்புக்குக் காற்றாடி வைக்காமல் உலோகத்தை வைத்துச் சமாளித்திருந்தார்கள். என் கார்டில் இருந்த காற்றாடிதான் தக்கை. இதை அவரிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பெட்டியைத் திருப்பினேன். மூலையில் பொடி எழுத்தில் 64 பிட் என்று இருந்தது. சீல் பிரித்த பெட்டி. நாளை சனிக்கிழமை, மறுநாள் கூட்டம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நான் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்லியிருக்கலாம். அவர் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அணைந்துபோகும். 'சரி, இனிமே நீயே வாங்கிக்க' என்று ஒரு வார்த்தை வரும். என் கம்ப்யூட்டரைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேசமாட்டார்கள். இப்படியெல்லாம் அவர் ஒரு நாளும் செய்ததில்லை. நானே கற்பனை பண்ணி நானே பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. கார்டைச் செருகினேன். பழையதற்கு இது பரவாயில்லை. படம் நகர்ந்தது, ஆனால் விட்டு விட்டு நகர்ந்தது. வாசலிலிருந்து உள்ளே போகும்போது தாங்கியது. தூண் வரிசைப் பக்கம் திரும்பினால் நின்றது, யோசித்தது, குதித்தது. படத்தின் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். முற்றத்து மரங்களை வெட்டினேன். பந்தி மேசைகளை எடுத்தேன். மேடையின் திரைச்சீலையை எடுத்தேன். மணமக்கள் நாற்காலியை எடுத்தேன். மத்தியானம் ஆவதற்குள் மண்டபம் ஜப்தி வந்துபோன வீடு மாதிரி இருந்தது. தூண்களில் மட்டும் கை வைக்க முடியவில்லை. பூ வேலை வேண்டும் என்று கேட்டதே அவர்கள். அதை எடுத்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

போடியிலிருந்து அவர் சீக்கிரமே வந்துவிட்டார். பின்னால் வந்து நின்று, "ஓடுதா?" என்றார்.

"ஓடுது."

அவர் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை. டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். மானிட்டர் என் மடியில், பெட்டி அவர் மடியில். கண்டமனூர் தாண்டியதும் சாலை மோசம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பெட்டியைத் தொடையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். கார்டு ஸ்லாட்டிலிருந்து கழன்றுவிடுமோ என்று எனக்குப் பயம். கழன்றுவிட்டால் நல்லதோ என்றும் ஒரு நினைப்பு வந்துபோனது.

கூட்டம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில். கமிட்டி ஏழு பேரும் பையன்கள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவரோரம் கணவரும் இன்னும் சில பங்காளிகளும் நின்றார்கள். ஆண்டிபட்டி இன்ஜினியர் சுருட்டிய பிளானோடு ஒரு மூலையில் இருந்தார். கமிட்டித் தலைவர் கணவருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. வெள்ளைச் சட்டை, பட்டன் பூராவும் போட்டிருப்பார்.

"ம், நட ஆத்தா" என்றார்.

வாசலில் நுழைந்தேன். நன்றாகவே போனது. பெஞ்சுகள் முன்னால் நகர்ந்தன. "ஏய், நெசமாவே உள்ள போறாப்புல இருக்குய்யா" என்று யாரோ சொன்னார். எனக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

"எங்குட்டுக்கூடி அடுப்படிக்குப் போறது?" என்றார் மாமா.

தூண் வரிசைப் பக்கம் திரும்பினேன். நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஒரு குதி குதித்து இன்னொரு தூணில் போய் நின்றது. மறுபடி அதே நிற்பு.

"ஏன் நிண்டு நிண்டு போகுது?" என்றார் மாமா.

நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்து ஓர் அடி முன்னால் வந்திருந்தார். அவருடைய பங்காளிகள் அத்தனை பேர் முன்னால், இந்தக் கார்டு மட்டம் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? போடிக்கே எடை சொல்கிற கை வாங்கிய பொருள். எனக்கு ஒரே அவசரம், யாரும் எதுவும் சொல்வதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று.

"என் தப்புத்தான் மாமா" என்றேன். "நான் தூணுல வேலைப்பாடு கூடப் போட்டுட்டேன். பாரம் ஜாஸ்தியாயிருச்சு. தாங்க மாட்டேங்குது."

மாமா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களைப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல், உண்மையான கவலையோடு, "ஏத்தா, படத்துக்கே பாரம் தாங்கலன்னா, கட்டுனா எப்படித்தா தாங்கும்? ஆயிரம் பேரு உக்காந்து சாப்புடுற எடம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். படத்தின் பாரம் வேறு, கட்டடத்தின் பாரம் வேறு. படத்தில் தடுமாறுவது கார்டு. தூணின் அளவையும் கம்பியின் கணக்கையும் நான் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன், தாள் என் பையிலேயே இருக்கிறது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் பாரம் ஜாஸ்தி என்று சொன்ன வாய் என்னுடையது. அதை மாற்றிச் சொன்னால் பிறகு எதை நம்புவார்கள்? கொஞ்சம் விளக்கினேன், குளறினேன். பெஞ்சிலிருந்து "அது சரித்தா, அது சரித்தா" என்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.

ஆண்டிபட்டி இன்ஜினியர் பிளானை விரித்தார். அவர் பேப்பரில் எதுவும் நிற்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்பே முடிவாகிவிட்டது. மாமா என்னிடம் வந்து, "நீ நம்ம பிள்ள. இன்னும் ரெண்டு வீடு கட்டிப் பழகு. அடுத்த வேலை ஒனக்குத்தான்" என்றார். நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. இருவர் இருக்கையில் நான் ஜன்னலோரம். அழக் கூடாது என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கார்டு மட்டந்தான?"

நான் திரும்பினேன். "யாரு சொன்னாக?"

"யாரும் சொல்லல. வெள்ளிக்கெழம ஒங் கையில குடுத்தப்பவே மூஞ்சி செத்துப்போச்சு. நல்லா இருக்குன்னு சொன்ன. மூஞ்சி சொல்லல."

"தெரிஞ்சுக்கிட்டா கேக்காம இருந்தீக?"

"கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவ. எங்காத்தா கொழம்பு வச்சாலும் நல்லா இருக்கு, நான் சேலை எடுத்தாலும் நல்லா இருக்கு. மூணு வருசமா அந்த ஒரு சொல்லுதான். இம்புட்டுப் பெரிய விசயம், இதுக்காவது சொல்லுவேன்னு இருந்தேன். நேத்துப் பின்னாடி வந்து நின்னேன்ல. சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான். இரண்டு நாள் நான் தனியாகத் தீயில் நின்றதாக நினைத்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "அங்கனயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றேன். குரல் உடைந்தது. "நான் வாங்குனதுதான் சரியில்லன்னு."

"சொல்லத்தான் எந்திரிச்சேன். நீ முந்திக்கிட்ட. ஒந் தப்புன்னுட்ட. அதுக்கு மேல நான் பேசுனா ஒன்னைப் பொய் சொன்னவ ஆக்குன மாதிரி. இருந்தாலும் சொல்லியிருக்கணும். தப்புத்தான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"ஏத்தா, நான் ஒன்னை ஒரு நாளு கை நீட்டியிருக்கேனா? வஞ்சிருக்கேனா?"

"இல்ல."

"பெறகு ஒரு பொருளு சரியில்லன்னு என்கிட்ட சொல்லுறதுக்கு அம்புட்டுப் பயமா?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம். வழக்கமாக அதைத்தான் சொல்வேன், நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் முகம் நான் பயந்தது போலவே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக என் வயிற்றில் கிடந்த கல் அப்போது இல்லை.

தேனி நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சனிக்கெழம லீவு கெடைக்குமா ஒனக்கு?"

"எதுக்கு?"

"மதுரைக்குப் போவோம். பிரிச்ச பெட்டிய வாங்க மாட்டேன்னு அவன் எகிறுவான். நீ பேசு. என்னா வேணும், எதுக்கு வேணும்னு நீயே சொல்லு." கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "பஸ்ஸுல போகும்போது எனக்கும் சொல்லு."